திருத்தம் கொடுக்கும் நேரம் முடிந்தது

எம்.எல்.ஏ.வின் உதவியாளர் என்றால் காரில் முன்சீட்டில் போகிறவன் என்று ஊரில் நினைப்பு. உண்மையில் அவன் மஞ்சள் பையில் மனு சுமக்கிறவன். என்னைப்போல் சுமந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தோளைத் தடவிக்கொண்டே படியுங்கள்.

கீழ்வேளூர் மனு

ஆரோக்கியமேரி நடவு வேலைக்குப் போகிறவர். இருபது வருஷமாக மிராசுதார் தோப்பில் குடிசை போட்டிருந்தார். கூலி உயர்வு கேட்டு நடவை நிறுத்தியவர்களில் அவரும் ஒருவர் என்பதால், கார்த்திகை மழையில் மிராசுதாரின் காரியக்காரர் ஆள் வைத்துக் குடிசையைப் பிரித்துப்போட்டார். அந்த அம்மாள் கீற்றைப் பொறுக்கிக்கொண்டுபோய் வாய்க்கால் கரையில் கட்டிக்கொண்டார். குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வரப்போவதாகக் கேள்விப்பட்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். எம்.எல்.ஏ. அவசியம் கவனிப்பதாகச் சொன்னார். அது அவர் எல்லாருக்கும் சொல்வதுதான். அந்த அம்மாள் போகும்போது என்னிடம் திரும்பி, "அதுல எங்க குடிசையும் வருதான்னு படிச்சுப் பாத்துச் சொல்லுங்க தம்பி" என்றார்.

பன்னிரண்டு மணி

மசோதா சென்னையில் எம்.எல்.ஏ. விடுதி அறைக்கு ஒரு சாயங்காலம் வந்தது. முப்பது பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். மறுநாள் காலையிலேயே விவாதம். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். மசோதா சபைக்கு வந்த தேதியில் நிலத்துக்காரர் இடத்தில் குடியிருப்பவருக்கே மனை என்றிருந்தது. அதற்கு முன்பே விரட்டப்பட்டவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'கடந்த ஓராண்டுக்குள் வெளியேற்றப்பட்டவரும்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். எழுதி, எம்.எல்.ஏ.விடம் கையெழுத்து வாங்கி, காலையில் முதல் ஆளாகச் சட்டமன்ற அலுவலகத்தில் நின்றேன்.

திருத்தம் எல்லாம் முந்தின நாள் பகல் பன்னிரண்டுக்குள் வரவேண்டும் என்றார் எழுத்தர். மசோதாவே முந்தின நாள் சாயங்காலம்தான் வந்தது என்றேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். ஆனால் இந்தப் பூசாரி நல்ல மனிதர், விதியை எழுதியவரும் அவரில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அது மசோதா வர்ற நேரம். நான் சொல்றது திருத்தம் வாங்குற நேரம்" என்றார்.

ஐந்து நிமிடம்

திருத்தம்தான் போயிற்று, எம்.எல்.ஏ. பேச்சிலாவது இதைக் கேட்கட்டும் என்று பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தேன். எங்கள் எம்.எல்.ஏ.வுக்குக் கொடுத்தது ஐந்து நிமிடம். அதில் நாலு நிமிடம் கட்சித் தலைவரைப் பாராட்டவே சரியாக இருந்தது. "கீழ்வேளூரிலே" என்று ஆரம்பிக்கும்போது மணி அடித்துவிட்டது. பிறகு பதினேழு பிரிவுகளையும் ஒரே மூச்சில் சேர்த்துக் குரல் வாக்கெடுப்பு. 'ஆம்' என்று ஒரு இரைச்சல், மேசை தட்டல், அவ்வளவுதான். எனக்கு அழுகையே வந்தது. வெளியே வந்த திருத்துறைப்பூண்டிப் பக்கத்து உறுப்பினரிடம், அந்தத் தேதிப் பிரிவைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "கை தட்ட வந்த எடத்துல படிச்சுட்டு வேற வரணுமாய்யா?" என்றார்.

கொறடா

எங்கள் எம்.எல்.ஏ.வுக்கும் உள்ளே உறுத்தல்தான். மசோதாவைத் தமிழில் ஒரு வாரம் முன்னால் தரவேண்டும், பிரிவு பிரிவாக வாக்கெடுக்க வேண்டும், யார் எந்தப் பக்கம் என்று பெயர் எழுதவேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதச் சொன்னார். சந்தோஷமாக எழுதினேன். கட்சிக் கொறடா இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்து எம்.எல்.ஏ.வின் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தார். "பேரை எழுதிப்புட்டா, அப்பறம் ஊர்ல போயி என்னத்தைச் சொல்லுவீங்க?" என்று மட்டும் கேட்டார். தீர்மானம் அந்தச் சட்டையோடு சலவைக்குப் போயிற்று.

வாய்க்கால் கரை

ஆரோக்கியமேரியின் மனுவைத் தாலுக்கா ஆபீஸ் தள்ளிவிட்டது. குறிப்பிட்ட தேதியில் மனுதாரர் தோப்பில் குடியில்லை என்று தாளில் எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்திருந்தார்கள். அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, அன்றைக்கு நீங்கள் ஆம் என்றீர்களா, இல்லை என்றீர்களா என்று எம்.எல்.ஏ.விடம் நேராகவே கேட்டார். எம்.எல்.ஏ. என்னைப் பார்த்தார். நான் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பைப் புரட்டினேன். 'மசோதா நிறைவேறியது' என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அதைத்தான் சொன்னேன். சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டே, "நான் அன்னிக்கு அங்க இல்லேன்னு எழுதி வச்சிருக்காங்க. நீங்க அன்னிக்கு என்ன சொன்னீங்கன்னு எங்கயும் எழுதலயா?" என்றார்.

பை சுமந்த சகாக்களே, திருத்தம் கொடுக்கத்தான் பன்னிரண்டு மணியோடு நேரம் முடிகிறது, அந்த அம்மாளுக்குப் பதில் சொல்லும் நேரம் எனக்கு இன்னும் முடிந்தபாடில்லை.