கம்பிக்கு எண்ணெய் போட்டேன்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடினால் சுவரோரம் ஒதுங்கிவிடுவேன். என் மகளும் அப்படித்தான். சின்ன வயதில் மாதா கோயில் பாடகர் குழுவில் சேர்த்துவிட்டோம், வாயே திறக்கவில்லை. ஃபாதர் பார்த்துவிட்டு, பாட வேண்டாம் என்று கையில் ஒரு கிட்டாரைக் கொடுத்தார். அதைப் பிடித்தவள்தான், இன்னும் விடவில்லை.

நர்ஸாகத் துபாய்க்குப் போனபின் சர்ஃப் மியூசிக் என்று ஒன்றில் விழுந்துவிட்டாள். பலகை மேல் நின்று அலையில் சறுக்குகிறவர்களின் இசையாம். பாடுகிறவர் கிடையாது, கிட்டார்தான் எல்லாம். ஒரே கம்பியை விடாமல் வேகமாக மீட்டுவாள். ஸ்பிரிங் வைத்த எதிரொலிப் பெட்டி வழியாக அது வரும்போது, பாறையில் அலை அடித்துச் சிதறுகிற மாதிரி இருக்கும். "பாட்டே இல்லாம என்ன பாட்டு?" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குப் பிடித்தது. வார்த்தை இருந்திருந்தால் அதுவும் இங்கிலீஷாகத்தான் இருந்திருக்கும்.

டூட்டி முடிந்து வந்து, துபாயில் கராமா ஏரியா வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பல வருஷம் வாசித்தாள். சொந்தமாகவும் மெட்டுப் போட்டாள். கேட்டது போனில் நானும், டிரம் அடிக்கிற அவள் ஃபிலிப்பினோ தோழியும்தான். போன குளிர்காலத்தில் அந்தத் தோழிதான் கடற்கரையில் நடந்த ஒரு சின்ன விழாவில் ரெண்டு பேரும் வாசிக்க அரை மணி நேரம் கேட்டு வாங்கினாள். விசிட் விசாவில் நானும் இருந்தேன்.

அன்று காலை மகள் டூட்டிக்குப் போயிருந்தாள். நாங்கள் மீன்பிடிக்கிற குடும்பம். உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று தூண்டில் முள்ளிலிருந்து அரிவாள்வரை எண்ணெய் போட்டே வைப்போம். பிள்ளை கடற்கரையில் வாசிக்கப் போகிறாளே என்று ஆறு கம்பிக்கும் எண்ணெய் தடவி வைத்தேன்.

மதியம் வந்து மீட்டினாள். ஈரத்துணி போர்த்தின தகரம் மாதிரி சத்தம். விரல் வழுக்கியது.

"அம்மா, இதுல என்னத்தப் போட்ட?"

"தேங்காயெண்ணெய், மக்களே. துரு பிடிக்கப்பிடாதுன்னு..."

தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் போடுகிற தடித்த கம்பி ஆர்டர் கொடுத்தால்தான் வரும். மாற்றுக்கு இருந்தது மெல்லிய கம்பி ஒன்று மட்டும். "வரலன்னு சொல்லிருதேன்" என்றாள். அந்தக் குரலில் கோபம் இல்லை, நிம்மதி இருந்தது. இன்று போகாவிட்டால் இவள் இனி எங்கும் போகமாட்டாள்.

"வெந்நீர்ல போட்டா எண்ணெய் போவாதா?" என்றேன்.

தோழிக்குப் போன் போட்டாள். சிலபேர் கம்பியை வேகவைப்பது உண்டாம். "யல்லா யல்லா!" என்று, சீக்கிரம் சீக்கிரம் என்பதை அரபியில், போனில் அவள் கத்தியது எனக்கே கேட்டது.

சோற்றுப்பானையில் தண்ணீர் கொதிக்க, பாத்திரம் கழுவுகிற சோப்பு விட்டு, ஆறு கம்பியையும் சுருட்டிப் போட்டேன். மகள் எட்டிப்பார்த்தாள். "உப்பு போட்டியா?" என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. துடைத்து மாட்டியதும் பழைய சத்தம் திரும்பியது.

மேடையில் முதல் ரெண்டு மெட்டையும் டிரம்மைப் பார்த்து, ஜனங்களுக்கு முதுகு காட்டியே வாசித்தாள். மூன்றாவதில் மெல்லிய கம்பி அறுந்தது. பொழுது சாய்ந்திருந்தது. புதுக்கம்பி மாட்டக் கண் தெரியவில்லை.

"அம்மா, மேல வா! டார்ச் அடி!"

எப்படி ஏறினேனோ தெரியாது. ரெண்டு கையாலும் டார்ச்சைப் பிடித்து, கம்பி முனையில் வெளிச்சம் அடித்தேன்.

"அம்மாவும் பேண்டுல உண்டா?" என்று கூட்டத்தில் ஒருவன் தமிழில் கத்தினான்.

மகள் நிமிர்ந்தாள். மைக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கம்பிக்குத் தேங்காயெண்ணெய் போட்டது இவங்கதான்" என்று சொல்லிவிட்டு, அதையே இங்கிலீஷிலும் சொன்னாள். கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள். மைக்கில் அவள் குரலை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மிச்சத்தை ஜனங்களைப் பார்த்தே வாசித்தாள். நான் இறங்க வழி தெரியாமல் டிரம் பக்கத்திலேயே நின்றேன்.

முடிந்ததும் ஒரு தமிழ்ப் பெண், மேடைக்குக் கீழே ரொம்ப நேரம் தயங்கி நின்றாள்.

"அக்கா, பாட வராதவங்களும் இத வாசிக்கலாமா?"

"பாட வராதவங்களுக்குத்தான் இது" என்றாள் மகள். "லீவு என்னைக்கு உனக்கு? வீட்டுக்கு வா."