உடைசல் கணக்கு

டீ ஊற்றுவதற்கு முன்னால் கப்பைத் தட்டிப் பார்க்காமல் கொளஞ்சியம்மாளால் இருக்க முடியாது. இடது கை விரலில் கப்பைத் தொங்கவிட்டு, வலது கை ஆள்காட்டி விரலை மடக்கி, கணுவால் ஒரு தட்டு. கணீரென்றால் டீ கிடைக்கும். பொத்தென்றால் கப் ஓரமாகப் போய்விடும். தர்பூசணி, தண்ணீர்க் குடம், மருந்துக்கடையில் நீட்டும் பாட்டில், எதுவும் அந்த விரலுக்குத் தப்பியதில்லை. மகள் துர்காவைப் பெண் பார்க்க வந்த சேத்தியாத்தோப்புக்காரர்கள் கொண்டுவந்த தேங்காயைக்கூட அவர்கள் எதிரிலேயே தட்டிப் பார்த்தாள். அந்தச் சம்பந்தம் கூடி வரவில்லை. "தேங்கா அழுவல்னா நான் என்னா பண்றது?" என்பாள்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில், சலீம் பாய் பட்டறையில் அவளுக்குச் செக்கிங் வேலை. சூளையிலிருந்து இறக்கிய சாமான்களைத் தட்டிப் பார்த்துப் பிரிக்க வேண்டும். கரண்டு பீஸ் கட்டையோ டீ கப்போ கொலு பொம்மையோ, அவள் விரலைத் தாண்டித்தான் வைக்கோல் பெட்டிக்குள் போகும். உள்விரிசல் கண்ணுக்குத் தெரியாது. மேலே பளபளவென்றுதான் இருக்கும். கொதிக்கக் கொதிக்க எதையாவது ஊற்றினால் அன்றைக்கோ மறுநாளோ இரண்டாகப் பிளக்கும். அப்படி ஒதுக்கிய கப்புகளில் சிலவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து கடுகும் மிளகும் சீரகமும் போட்டு வைத்திருக்கிறாள். அவற்றில் எவருக்கும் டீ கொடுத்ததில்லை.

ஒருமுறை வேப்பூரில் லாரி காத்துக்கொண்டிருந்தது, இங்கே பெட்டி நிரம்பவில்லை. சலீம் பாய்க்கு இருப்புக் கொள்ளவில்லை. "விரிசல் கண்டதுல நாலஞ்ச உள்ள சேத்து அடுக்கிடு கொளஞ்சிம்மா. எவன் தட்டிப் பாக்கப் போறான்?"

"நீங்களே அடுக்கிக்கங்க பாய். எங்கையால நான் செய்ய மாட்டேன். வாங்கறவன் கை வெந்தா என்னியத்தான் வைவான்."

எங்கோ ஓர் ஊரில் கப் வாங்குகிறவனுக்கு இவள் பெயர் எப்படித் தெரியும்? பாய் சிரித்துவிட்டு லாரிக்காரனைக் காத்திருக்கச் சொல்லிப் போன் போட்டார். அதற்குப் பிறகு அவள் தட்டி வைத்ததை இன்னொருவர் தட்டிப் பார்ப்பதில்லை.

இவ்வளவு கெட்டிக்காரி ஏமாந்தது வீட்டு விஷயத்தில். புருஷன் ஆனந்தராஜ் சாகும்போது மங்கலம்பேட்டை ரோட்டில் ஒரு மனையை மட்டும் விட்டுப்போனான். தாயும் மகளும் ஜங்ஷனுக்குப் பின்னால் வாடகை அறைகளில் இருந்தார்கள். வீட்டுக்காரர் முறைத்தால் பாயைச் சுருட்ட வேண்டியதுதான். மனை இருக்கிறதே, கடன் கொடுங்கள் என்று ஏறாத வங்கி இல்லை. சம்பளச் சீட்டு எங்கே என்றார்கள். பட்டறையில் வாராவாரம் கையில் கொடுக்கிறார்கள், சீட்டுக்கு எங்கே போவது?

அப்போதுதான் "சொந்தக்கூரை" வந்தது. சம்பளச் சீட்டு இல்லாத பெண்களுக்கு வீட்டுக்கடன். அரசு உத்தரவாதம் கொடுத்துக் கடன்பத்திரம் வெளியிடுவார்கள். பட்டணத்தில் பணம் வைத்திருப்பவர்கள் அதை வாங்குவார்கள். அந்தப் பணம் ஒரு வீட்டுக்கடன் நிறுவனம் வழியாகக் கொளஞ்சியம்மாள்களிடம் வரும். இவர்கள் மாதா மாதம் கட்டுவது வட்டியும் முதலுமாக அவர்களிடம் திரும்பிப் போகும். அரசு உத்தரவாதம் என்ற வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அந்த உத்தரவாதம் பத்திரம் வாங்கியவருக்குத்தான், வீடு கட்டியவருக்கு இல்லை என்பதை அப்போது யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

விண்ணப்பம் எழுத வந்த ஏஜெண்ட் கார்முகில் நல்ல பையன்தான். ஆனால் வந்தது ஆடி மாதம். நவராத்திரிக்குப் பொம்மை போய்க்கொண்டிருந்த நேரம், பட்டறையில் நிற்க இடமில்லை. "வாரத்துக்கு என்னாக்கா கூலி வரும்?" என்று கேட்டான். அந்த வாரத்துக் கூலியைச் சொன்னாள். எஸ்டேட்டில் எவரைக் கேட்டாலும் சீசன் கூலியைத்தான் சொல்வார்கள். மழை மாதத்துக் கூலியை வாய்விட்டுச் சொல்வது அங்கே வழக்கமில்லை. சொன்னால் சூளை அவிந்துவிடும் என்று ஒரு பயம். ஐப்பசியில் மண் காயாது, சூளை ஏற்றுவது அபூர்வம், செக்கிங்குக்கு வாரத்தில் ஒரு நாள் வேலை இருந்தால் பெரிய காரியம். ஊருக்கே தெரிந்த இந்தச் சங்கதி கடலூரிலிருந்து வந்த கார்முகிலுக்குத் தெரியாது. சீசன் கூலியைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பெருக்கி எழுதிக்கொண்டு போனான். தவணையும் அந்தக் கணக்கிலேயே விழுந்தது.

வீடு என்னவோ அழகாக அமைந்தது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, மேலே தளம். கிரகப்பிரவேசத்தன்று ஒவ்வொரு சுவராகத் தட்டிக்கொண்டே போனாள். சிமெண்டுச் சுவர் கணீரென்று சொல்லுமா? "இது வேற சத்தம், ஆனா நல்ல சத்தம்" என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள்.

அந்த வீட்டு வாசலில் கையில் கப்போடு அவள் சிரித்த படம்தான் அடுத்த கடன்பத்திர வெளியீட்டுக்கு அட்டைப்படம். அதிலிருந்து அவளுக்கு இன்னொரு உத்தியோகமும் சேர்ந்தது, சம்பளமில்லாத உத்தியோகம். பத்திரம் வாங்குகிறவர்கள் பணம் போன இடத்தைக் கண்ணால் பார்க்க வருவார்கள். நிறுவனத்து அதிகாரி பூர்ணிமா காரில் அவர்களைக் கூட்டி வருவாள். படத்தில் கட்டியிருந்த அதே பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு கொளஞ்சியம்மாள் நிற்க வேண்டும். கேள்விகள் மாறுவதில்லை, பதில்களும் மாறுவதில்லை. "முன்ன வாடக வூடுங்க. இப்ப சொந்த வூடு. நிம்மதியா இருக்குது." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது லேசாகத் தலையைச் சாய்ப்பாள். பூர்ணிமா சொல்லிக்கொடுத்ததில்லை, அவளாகவே சேர்த்துக்கொண்டது.

நிம்மதி முதல் மழை வரைக்கும்தான். அந்த வருஷம் கம்மலை அடகு வைத்துக் கட்டினாள். அடுத்த மழைக்குப் பாயிடம் முன்பணம் வாங்கினாள். அதற்கடுத்த மழைக்கு அடகு வைக்கக் காது மட்டும்தான் மிச்சம். துர்கா ஜவுளிக்கடையில் வாங்கும் சம்பளம் அரிசிக்கும் கரண்டுக்கும் சரியாகப் போயிற்று. பூர்ணிமாவைத் தேடிக் கடலூருக்கே பஸ் ஏறிப் போனாள்.

"மேடம், நான் கட்ட மாட்டேன்னு சொல்லலீங்க. மழ மாசத்துல வுட்டுடுங்க, சீசன்ல ரெண்டு மாசத்தச் சேத்துச் சேத்துக் கட்டிப்புடறேன். வருசக் கணக்குல ஒங்களுக்கு ஒரு பைசா கொறையாதுங்க."

"எனக்குப் புரியுதுக்கா. ஆனா பாண்டு, அதான் அந்தக் கடன்பத்திரம், வாங்குனவங்களுக்கு மாசா மாசம் பணம் போயாவணும். ஒங்க ஊர்ல மழ பெஞ்சா அவங்களுக்கு என்ன? கம்ப்யூட்டரும் ஏத்துக்காது."

பூர்ணிமா கெட்டவள் இல்லை. டீ வாங்கிக் கொடுத்து, பஸ் நிலையம் வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டாள். மனு எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றாள். மனு மேலே போயிற்று. கீழே வந்தது பெயிண்டு டப்பாவோடு ஓர் ஆள்தான். இந்த வீடு அடமானத்தில் உள்ளது, தவணை கட்டவில்லை, யாரும் வாங்கவோ விற்கவோ கூடாது என்று வாசல் பக்கச் சுவரில் சிவப்பெழுத்தில் எழுதிவிட்டுப் போனான். எழுத்து குண்டு குண்டாக, ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களும் படிக்கும்படி இருந்தது. துர்கா மூன்று நாள் கடைக்குப் போகவில்லை. கொளஞ்சியம்மாள் போனாள். எஸ்டேட்டில் ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் பேசாமல் இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தனியாகச் சூளைப் பக்கம் போய் அழுதுவிட்டு வந்து உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தாள்.

இந்தக் கார்த்திகையில் மறுபடியும் கார் வருகிறது என்று பூர்ணிமா போன் செய்தாள். மும்பையிலிருந்து பெரிய மனிதர், புதிய பத்திரத்தில் நிறையப் பணம் போடப் போகிறவர். "இந்த விசிட் நல்லபடியா முடியட்டும்க்கா. ஒங்க மனுவப் பத்தி நான் பேசறேன்." கொளஞ்சியம்மாள் பச்சைப் புடவையைத் துவைத்துப் போட்டாள். மழைநாளில் காயாமல் அடுப்பங்கரையில் கட்டி உலர்த்தினாள்.

அந்த மனிதரை முதலில் பட்டறைக்குத்தான் கூட்டி வந்தார்கள். தன்மையான ஆள், தலை நரைத்தவர், எல்லாருக்கும் கும்பிடு போட்டார். வைக்கோல் பெட்டிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். போகிற வழியில் உடையாதா என்று இங்கிலீஷில் கேட்டார். உடையும், உடைசலுக்கென்று முதலிலேயே ஒரு கணக்கு ஒதுக்கித்தான் விலை போடுவோம் என்றார் சலீம் பாய். மும்பைக்காரர் மகிழ்ந்துபோய் ஏதோ சொன்னார். பூர்ணிமா அதைக் கொளஞ்சியம்மாளுக்குத் தமிழில் சொன்னாள்: "எங்க பாண்டும் இதே மாதிரிதானாம்க்கா. ஒரு பெட்டியில ஆயிரக்கணக்குல வீடு. நாலஞ்சு ஒடைஞ்சாலும் பெட்டிக்கு நஷ்டமில்லயாம். அதுக்குன்னு முன்னாடியே ஒதுக்கி வச்சிருப்பாங்களாம்."

"எந்த வூடு ஒடையும்னு எப்படிங்க மேடம் முன்னாடியே ஒதுக்குவாங்க?"

இந்தக் கேள்வியைப் பூர்ணிமா மொழிபெயர்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சிவப்பெழுத்து கண்ணில் படவில்லை. காலையிலேயே நிறுவனத்து ஆட்கள் வந்து, அந்தச் சுவர் முழுவதையும் மறைத்துப் பேனர் கட்டியிருந்தார்கள். பேனரில் கொளஞ்சியம்மாளே கப்போடு சிரித்துக்கொண்டிருந்தாள். பெரியவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவள் அடுப்பில் பாலை வைத்தாள். பூர்ணிமா பின்னாலேயே வந்து நின்றாள்.

"அக்கா, ஒங்ககிட்ட மறைக்க எனக்கு மனசு வரல. மனு தள்ளுபடி ஆயிடுச்சு. தை பொறந்ததும் ஏலம் போடறாங்க. போன வாரமே தெரியும். இன்னிக்கு மட்டும் கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்கக்கா. என் வேலைக்கும் ஆபத்து வந்துடும்."

பால் பொங்கி வழிந்தது. கொளஞ்சியம்மாள் துணியால் பிடித்து இறக்கினாள். ஏலம் என்ற வார்த்தை சமையல்கட்டு முழுக்க நின்றது. கப்புகளை எடுத்து, ஒன்றொன்றாகத் தட்டிப் பார்த்து, கணீரென்றவற்றில் டீ ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"முன்ன வாடக வூடுங்க. இப்ப சொந்த வூடு. நிம்மதியா இருக்குது." தலை சாய்ந்தது.

பிறகு போட்டோ. பேனருக்கு முன்னால் பெரியவரும் அவளும் நின்றார்கள். பேனர் கயிற்றை ஒரு இழு இழுத்தால் போதும், கதை வெட்டவெளிச்சமாகிவிடும். வாசற்படியில் நின்ற துர்கா அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை புடவைத் தலைப்பைப் பிடித்தபடியே இருந்தது. படம் எடுத்து முடித்தார்கள்.

கிளம்பும்போது பெரியவர் காலிக் கப்பைக் காட்டி ஏதோ கேட்டார். "கப்பு ரொம்பப் பிடிச்சிருக்காம்க்கா. இந்த வீட்டு ஞாபகமா ஒண்ணு கொண்டுபோகலாமான்னு கேக்கறார். தெனமும் காலையில இதுலதான் டீ குடிப்பாராம்."

"அதுக்கென்னாங்க, புதுசாவே தரேன்" என்று கொளஞ்சியம்மாள் உள்ளே போனாள்.

அலமாரியில் கடுகு போட்டு வைத்திருந்த கப்பை எடுத்தாள். கடுகைத் தட்டில் கொட்டினாள். கப்பைக் கழுவி, முந்தானையால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பளபளவென்றுதான் இருந்தது. விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினாள். பொத்தென்றது.

பட்டறையில் சுற்றுகிற மாதிரியே வைக்கோல் வைத்து, செய்தித்தாளில் பொதிந்து, சணல் கட்டினாள். வெளியே வந்து பெரியவரிடம் இரண்டு கையாலும் கொடுத்தாள்.

"சூடா டீ ஊத்திக் குடிக்கச் சொல்லுங்க, மேடம்."