சித்திரை என்று சொன்ன கொத்தனாரும் கண்ணாடி அக்காவும்

கண்ணாடி அக்காவை நான் முதலில் பார்த்தது விசாரணை அறைக்கு வெளியே, தண்ணீர்க் குழாய் பக்கத்தில். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அகதிகளுக்கு உதவும் அலுவலகத்தில் வேலை கிடைத்த மிடுக்கோடு வணக்கம் சொன்னேன்.

"நீங்க விசாரணைக்கு வந்திருக்கிறவர்கூட வந்தவர். உங்ககிட்ட நான் பேசக்கூடாது தம்பி" என்று நகர்ந்துகொண்டார்.

அவர் மொழிபெயர்ப்பாளர்; எந்தப் பக்கமும் சாயக்கூடாது. கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். யாராவது அதிகாரியைத் திட்டினால், திட்டையும் சூடு ஆறாமல் எடுத்து வைத்துவிடுவார். உள்ளதை உள்ளபடி காட்டும் கண்ணாடி; பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

என்னோடு வந்தவர் ஒரு கொத்தனார். உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர். தங்க விடுவார்களா, திருப்பி அனுப்புவார்களா என்பது அன்றைய பதில்களில்தான் இருந்தது. பக்கத்தில் உட்கார மட்டும் எனக்கு அனுமதி; வாய் திறந்தால் வெளியே.

அதிகாரி கோப்பைத் தட்டிக் கடுகடுத்தார். இருவருக்கும் நடு நாற்காலியில் இருந்த அக்கா அதே கடுகடுப்போடு தமிழில் கேட்டார்: "வீட்டை விட்டு ஓடினது முதல் வாக்குமூலத்துல ஏப்ரல். ரெண்டாவதுல மே. எது பொய்?"

கொத்தனாருக்கு வியர்த்துவிட்டது. "ரெண்டு தடவையும் சித்திரைன்னுதானே சொன்னேன்! எழுதினவங்க என்னத்த எழுதினாங்களோ!"

எனக்கு விஷயம் பிடிபட்டது. முன்பு வந்த மொழிபெயர்ப்பாளர்கள் ஆளுக்கொரு மாதத்தைப் போட்டிருக்கிறார்கள். இப்போது அக்கா எதைப் போட்டாலும் மற்றது பொய்யாகிவிடும். கேட்காமல் விளக்கம் சொல்ல அவருக்கும் அனுமதி இல்லை.

ஒரு நொடி தயங்கினார். பிறகு எல்லாவற்றையும் மொழிபெயர்த்தார். 'சித்திரை'யை மட்டும் அப்படியே விட்டார்.

அதிகாரியின் பேனா நின்றது. "சித்திரையா? அது என்ன?"

"விளக்கலாமா?" என்று அனுமதி வாங்கிக்கொண்டுதான் தொடர்ந்தார். "ஒரு மாதத்தின் பெயர். அந்த மாதத்து முழுநிலவு சித்திரை என்ற நட்சத்திரத்தை ஒட்டி நிற்கும். பெயர் அதிலிருந்து வந்தது. ஏப்ரல் நடுவில் பிறந்து மே நடுவில் முடியும்."

அத்தோடு நிறுத்திவிட்டார். 'அதனால் இவர் பொய் சொல்லவில்லை' என்ற ஒரு வரிக்காக நான் தவித்தேன். அது வரவே இல்லை.

அதிகாரி இரண்டு வாக்குமூலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கோப்பில் ஏதோ ஒரு குறிப்பை அடித்துவிட்டார். "அடுத்த கேள்வி."

வெளியே கொத்தனார் கும்பிட்டபடி அக்காவிடம் ஓடினார். "தங்கச்சி, நீ நல்லா இருக்கணும்மா!"

"நீங்க சொன்னதைத்தான் சொன்னேன் அண்ணே. இப்பவும் பேசக்கூடாது."

"என்னப்பா இது, உள்ள எனக்கே வாயா இருந்தவங்க வெளிய வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க!" என்றார் என்னிடம்.

அவருக்குத் தங்க அனுமதி கிடைத்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சுவர் கட்டிக்கொண்டிருக்கிறார். அக்கா அதே அறையில், அதே நடு நாற்காலியில் இருக்கிறார். வழியில் பார்த்தால் எனக்கு இன்னும் தலைகூட அசைப்பதில்லை.