கேட்டால்தான் தண்ணீர்

ராதாமணி மூன்று வருஷமாகத் தன் மகளோடு தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். மதுரை திருநகரில் இதெல்லாம் ஒரு சேதியா என்று கேட்கலாம். அந்த வீட்டில் அது சேதிதான். அவர்கள் சௌராஷ்டிரர்கள். கொஞ்சல், சண்டை, காய்கறிக்காரருக்குப் புரியாமல் விலையைப் பற்றிக் கிசுகிசுப்பது எல்லாம் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில்தான். தமிழ் வாசலுக்கு வெளியே பேசுவது.

மகள் காவ்யஸ்ரீக்கு மூன்று வயதில் நாலு சொல் இருந்தது. நாலும் வீட்டுப் பாஷை. ஒன்று 'பானி', அதாவது தண்ணீர். ஆனால் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். டவுனில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். ஆட்டிசம் என்று சீட்டில் எழுதினார்.

"இந்தப் பிள்ளைக்கு ரெண்டு பாஷை தாங்காது. வீட்டிலயும் தமிழ் மட்டும் பேசுங்க. எதையும் வாயைத் திறந்து கேட்டாத்தான் குடுக்கணும்."

ராதாமணி சொன்னதைச் செய்கிறவள். அன்று மாலையே அது வீட்டுச் சட்டமானது. கணவர் பாலசுந்தரம் ஜவுளிக்கடையில் நாளெல்லாம் தமிழ் பேசிப் புடவை விரிக்கிறவர். வீட்டுக்கு வந்தும் தமிழா என்று இரண்டு நாள் முனகினார். பிறகு மகளோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார். ராதாமணிக்குக் கடையில் பேசும் தமிழ் வரும். குழந்தையைக் கொஞ்சும் தமிழ் வராது. "தட்டை எடு. உட்காரு. தண்ணி சொல்லு." காவ்யாவுக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

அந்த நாலில் மூன்று சொற்கள் சில மாதங்களில் போயின. 'பானி' கொஞ்ச நாள் தங்கியது. அது சட்டப்படியான சொல் இல்லை என்பதால் அதற்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. பிறகு அதுவும் போனது. ராதாமணி அழவில்லை. எழுந்தாள், சமைத்தாள், பயிற்சி கொடுத்தாள், படுத்தாள். அழ வேண்டும் என்று தோன்றுவதுகூட நின்றிருந்தது.

2003, மே மாதம். இப்படிப்பட்ட பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பெற்றோருக்குப் பழக்கிக் கொடுக்கும் சுபலட்சுமி முதல் தடவையாக வந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். பிள்ளையைத் தேடிப் போனவள் குளியலறை வாசலில் நின்றுவிட்டாள். காவ்யா வாளிக்குள் முகத்தைக் கவிழ்த்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏக்கா, இது எம்புட்டு நாளா?"

"வெயில் ஆரம்பிச்சதுல இருந்து."

"சமையக்கட்டுல தண்ணி இல்லையா?"

"இருக்கு டீச்சர். கேட்டாத்தான் குடுக்கணும். இவ கையைப் பிடிச்சு இழுக்கறா, கேக்க மாட்டேங்கறா." பஸ் நம்பர் சொல்வதுபோல் சொன்னாள்.

அப்போது போன் அடித்தது. நாத்தனார் ஹம்சவேணி. ராதாமணி வீட்டுப் பாஷையில் பேசினாள். கை ஆடியது, குரல் ஏறி இறங்கியது, ஓரிடத்தில் சிரிப்புகூட வந்தது. காவ்யா வாளியை விட்டு எழுந்து வந்தாள். அம்மாவின் இடுப்போடு ஒட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றாள். ரிசீவரை வைத்ததும் போய்விட்டாள்.

"இந்தப் பாஷையில பாப்பாகிட்ட பேசுறதில்லையா?"

"ஒரே பாஷைதான் பேசணும்னு டாக்டர் சொல்லிட்டார்."

"சரி, ஒண்ணுன்னே வச்சுக்குவோம். அது ஏன் உங்களுக்கு வராத பாஷையா இருக்கணும்?"

"எனக்குத் தமிழ் வருமே."

"வருது, வருது. ரேஷன் கடை வரிசையில நிக்கிற மாதிரில்ல பேசுறீக!"

ராதாமணி சிரிக்கவில்லை. சுபலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு பாஷையால இந்தப் பிள்ளைகளுக்கு ஒண்ணும் கெட்டுப்போகாதுக்கா. டாக்டர்கிட்ட நானே பேசிக்கிறேன். அவ கையைப் பிடிச்சு இழுக்குறதுதான் கேக்குறது. அவளுக்கு அப்படித்தான் வருது. உடனே குடுங்க. குடுக்கும்போது உங்க வார்த்தையச் சொல்லுங்க."

"அப்ப பேச்சு திரும்பி வருமா?"

"தெரியாது. வரலாம், வராமலும் போகலாம். படத்தைக் காட்டிக் கேக்குற பிள்ளைகளும் இருக்காக. எதுவா இருந்தாலும் தண்ணிய நிறுத்தாதீக."

ராதாமணி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ கேட்டா டீச்சர். பானின்னு கேட்டா. நான்தான் குடுக்கல."

சுபலட்சுமி எழுந்தாள். "புதன்கிழமை வாரேன்க்கா" என்று சொல்லிப் புறப்பட்டாள்.

அன்று மூன்று மணிக்குக் காவ்யா வந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். 'தண்ணி சொல்லு' என்பது ராதாமணியின் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு எழுந்து போனாள். டம்ளரில் ஊற்றி, "பானி" என்று சொல்லிக் கொடுத்தாள். அந்தச் சொல்லைச் சொன்னபோது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. காவ்யாவும் ஒன்றும் சொல்லவில்லை. மூச்சு விடாமல் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினாள். இன்னொன்று. அப்புறம் பாதி.

சாயங்காலம் பாலசுந்தரம் வந்ததும் தமிழில் கேட்டார்: "இன்னிக்காவது தண்ணி சொன்னாளா?"

"சொல்லல. குடுத்துட்டேன்" என்று ராதாமணி வீட்டுப் பாஷையில் சொன்னாள்.

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு அதே பாஷையில், மெதுவாக, "சாப்பிட்டாளா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டா." ராதாமணி ஒரு சின்னச் சொம்பில் தண்ணீர் மொண்டு, காவ்யாவுக்கு எட்டுகிற உயரத்தில் ஜன்னல் திட்டில் வைத்தாள்.