யுவஸ்ரீயின் முன்பல்

"பால் பல்லுதானே" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ராசிபுரத்தில் ஒரு பல் கிளினிக்கில் பன்னிரண்டு வருடமாக டாக்டருக்கு உதவியாளர் நான். அந்த ஒரு வார்த்தையை நம்பி எத்தனை பேர் நல்ல பல்லைப் பறிகொடுத்திருக்கிறார்கள்!

வெண்ணந்தூர் தேவிப்ரியாவும் அப்படித்தான் வந்தாள். தறி ஓட்டுகிறவள். புருஷன் கோகுல்ராஜ் போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்தார். மகள் யுவஸ்ரீக்கு எட்டு வயது. பள்ளிக்கூடக் குழாயடியில் வழுக்கி விழுந்து மேல் முன்பல்லில் நல்ல அடி. போனில் சொன்னதற்கு, "பால் பல்லுதான, உளுந்தா மொளைக்கும், உடு" என்றாராம் அவர். விழுந்ததும் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறியலாம் என்று இவளும் ஐந்து மாதம் காத்திருந்திருக்கிறாள். பல் விழவில்லை, கறுத்துப்போனது. ஈறில் சீழ்க் கொப்புளம் வேறு.

டாக்டர் சந்திரசேகர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல்லும்மா இது. வேர் முழுசா வளர்றதுக்குள்ள உள்ள நரம்பு செத்துப்போச்சு, அடி திறந்தே கிடக்கு" என்றார்.

"இனி மொளைக்காதுங்களா?"

"மொளைக்காது. சுத்தம் பண்ணி மருந்து வைக்கிறேன். அடி மூடினா பல்லு நிக்கும். இல்லேன்னா எடுக்கணும். மூணு மாசத்துக்கு ஒருக்கா தவறாம வரணும்."

"வாரேனுங்க" என்றாள். வந்தாள். மற்றவர்கள் ஒரு பல்லுக்கு நாலு பேராக வந்து உட்கார்ந்திருப்பார்கள். இவள் பிள்ளையோடு ஓரமாக இருப்பாள். எக்ஸ்ரேயை ஒவ்வொரு முறையும் போட்டோ பிடித்துப் புருஷனுக்கு அனுப்புவாள். ஒருநாள் நான், அடிபட்டதுமே வராமல் ஏன் ஐந்து மாதம் விட்டுவைத்தாய் என்று திட்ட வாயெடுத்தேன். "திட்டுங்க அக்கா. என்னையத் திட்டறதுக்குக்கூட ஊட்டுல ஆளில்லீங்க" என்றாள்.

மருந்து வைத்துப் பன்னிரண்டாவது மாதம். எக்ஸ்ரேயில் வேரின் நுனியில் வெள்ளையாய் ஒரு கோடு. "மூடிருச்சும்மா!" என்றார் டாக்டர். "இனி உள்ள நிரந்தரமா அடைச்சிரலாம். கரும்பு மட்டும் கடிக்க வேண்டாம்." தேவிப்ரியா என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. பிள்ளையும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு, அங்கேயே புருஷனைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, பல்லு நின்னுருச்சுங்க! எடுக்க வேண்டாமாமுங்க!"

அந்தப் பக்கம் ரிக் ஓடுகிற இரைச்சல். அதற்கு மேல் அவர் கத்தினார்.

"எந்தப் பல்லு?"

அவள் ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லீங்க. சாப்புட்டீங்களா?"