புரட்டாதிச் சனியில் ஒரு திராட்சைத் தோட்டம்

மச்சாள் என்னை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவாள். உண்மையில் அவள் என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். இதை நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால், அவளுடைய பிறந்த தேதி எனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். என் கணவர் ஊரிலிருந்து கொண்டுவந்த பைலுக்குள் அவளுடைய சாதகம் இருந்தது. அவருடைய சாதகத்தோடு சேர்த்து மடித்தபடி இருந்தது.

அவள் என் கணவரின் மாமன் மகள். சின்ன வயதிலேயே இருவருக்கும் கல்யாணம் என்று இரண்டு வீட்டாரும் பேசி வைத்திருந்தார்கள். அவளுக்குச் செவ்வாய் தோஷம் என்று சாத்திரியார் சொன்னதோடு அந்தக் கதை நின்றுபோனது. பிறகு என் குறிப்புப் பொருந்தியது. நான் லண்டனுக்கு வந்து அவரைக் கட்டினேன். ஸ்ட்ரெதமில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. அவருக்குப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட், எனக்குச் சாண்ட்விச் தொழிற்சாலை. மூன்று வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவளும் வந்து சேர்ந்தாள். செவன் கிங்ஸில் தமையன் வீட்டில் இருந்துகொண்டு, ஒரே வருடத்தில் ஏதோ பரீட்சை எழுதி, பயண முகவர் கந்தோர் ஒன்றில் வேலையும் எடுத்துவிட்டாள். தலைமயிரைத் தோளோடு வெட்டிக்கொண்டாள். வெள்ளைக்காரரோடு பேசும்போது அவள் சொற்களைத் தேடுவதில்லை. நானோ பஸ்ஸில் டிக்கெட் கேட்பதற்கே மனத்துக்குள் இரண்டுதரம் சொல்லிப் பார்ப்பேன். எனக்கு அவள்மேல் பொறாமை. வேறு நல்ல சொல் தேடி நேரத்தை வீணாக்க விரும்பவில்லை.

ஒரு நாள் தொலைபேசியில் வந்தாள்.

“அக்கா, எங்கட ஒஃபிசில மூண்டு டிக்கெற் தந்திருக்கினம். கென்ற் பக்கம் முந்திரிகைத் தோட்டம் பாக்கப் போற கோச். வைன் செய்யிறதெல்லாம் காட்டுவினம். அத்தானுக்கு நல்லாப் பிடிக்கும்.”

என் புருஷனுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கே சொல்லித் தருகிறாள்.

“அண்டைக்குப் புரட்டாதிச் சனி. நான் விரதம்” என்றேன்.

“நீங்கள் குடிக்கத் தேவையில்லை அக்கா. சும்மா காத்து வாங்க வாங்கோ.”

இவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “நீர் வராட்டி நானும் போகேல்லை” என்றார். வாய்தான் அப்படிச் சொன்னது, முகம் ஏற்கெனவே கோச்சில் ஏறியிருந்தது. மாமன் வீட்டுக் கிணற்றடியில் திராட்சைக் கொடி படர்ந்த பெரிய முந்திரிகைப் பந்தல் இருந்ததாம். பள்ளி விடுமுறைக்கெல்லாம் இவர் அங்கே போய்த் தண்ணீர் இறைப்பாராம். கல்யாணம் கட்டிய புதிதில் இந்தக் கதையை எனக்கு நாலுதரம் சொல்லியிருக்கிறார். பந்தலின் கீழே யார் நின்றது என்று மட்டும் ஒருதரமும் சொன்னதில்லை. நான் கேட்கவும் இல்லை. போகாமல் விட்டால் இவர் உடம்பு வீட்டில் இருக்கும், மனம் கென்றில் இருக்கும். எது நடந்தாலும் என் கண் முன்னால் நடக்கட்டும் என்று சம்மதித்தேன்.

அந்தச் சனிக்கிழமை விடியற்காலையில் எழும்பித் தோய்ந்து, சாமிப் படத்துக்கு முன்னால் எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றினேன். இவருக்கு அப்போது ஏழரைச் சனி. அவருக்காக நான் விரதம் பிடிக்க, அவரை இன்னொருத்தி வைன் குடிக்கக் கூட்டிப் போகிறாள். சனீஸ்வரன் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு ஒரு பெட்டியில் சோறும் கத்தரிக்காய்க் கறியும், அவர்கள் இருவருக்கும் இன்னொரு பெட்டியில் மரக்கறி ரோல்ஸும் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

விக்டோரியாவில் கோச் நின்றது. மச்சாள் நீலக் கோட்டோடு வாசலில் நின்றாள்.

“அக்கா, நீங்கள் முன்னுக்கு இருங்கோ. பின்னுக்கு இருந்தா உங்களுக்குத் தலை சுத்தும்.”

எனக்குப் பயணத்தில் குமட்டிச் சத்தி வருவது உண்மை. அது அவளுக்கு எப்படித் தெரியும்? இவர்தான் சொல்லியிருக்க வேண்டும். என்னை முன் இருக்கையில் வழிகாட்டிப் பெண்மணிக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு, இவர்கள் இருவரும் நாலு வரிசை பின்னால் போய் இருந்தார்கள்.

வழிகாட்டிக்கு அறுபது வயதிருக்கும். மடியில் ஒரு சின்னக் கொடி, கையில் மைக். சுண்ணாம்பு மண், தென்பக்கச் சரிவு, செப்டெம்பர் வெயில் என்று வழி முழுக்க ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். நான் பின்பக்கத்துக்குக் காது கொடுத்திருந்தேன். இவருடைய சிரிப்பு கேட்டது. வீட்டில் இவர் சிரிப்பது மூக்கால் வரும் ஒரு சத்தம், அவ்வளவுதான். இது வாயைத் திறந்து சிரித்த சிரிப்பு. ‘பந்தல்’ என்ற சொல் இரண்டுதரம் காதில் விழுந்தது. நான் கண்ணாடி வழியே வெளியே பார்த்தேன். வெளியே செம்மறி ஆடுகள் நின்றன.

ஒரு கட்டத்தில் வழிகாட்டி மைக்கை வைத்துவிட்டு என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். பின்னால் இருப்பது உன் தங்கையும் அவள் கணவரும்தானே, எவ்வளவு பொருத்தமான சோடி என்றார். எனக்கு எல்லாம் விளங்கியது. என் கழுத்தில் ஒன்பது பவுண் தாலிக்கொடி கிடந்தது. அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் கோட்டு, அதன்மேல் சால்வை. இங்கிலாந்துக் குளிரில் தாலி இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ‘இல்லை, அவர் என் கணவர்’ என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் போதும். ஆனால், வாய்விட்டுச் சொல்லித்தான் அவரை என்னுடையவராக்க வேண்டுமா என்று ஒரு வீம்பு வந்தது. சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். அந்த வீம்புக்குப் பலன் பின்னேரம் கிடைத்தது.

தோட்டம் ஒரு சரிவில் வரிசை வரிசையாக இறங்கியது. ஆளுக்கு ஒரு குலை வெட்டலாம் என்று தோட்டக்காரர் கத்தரிக்கோல்கள் கொடுத்தார். மச்சாள் ஒரு குலை வெட்டிக் கைலேஞ்சியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். இவரும் ஒன்று வெட்டி, அந்த இடத்திலேயே தின்று முடித்தார். எனக்குக் கத்தரிக்கோல் கேட்க மனம் வரவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் மர மேசைகளில் இருந்தார்கள். சனி விரதத்தில் காகத்துக்கு வைக்காமல் நாங்கள் சாப்பிடுவதில்லை. ஸ்ட்ரெதமில் யன்னலில் வைத்தால் புறா வந்து தின்றுவிடும். இங்கே கடைசி வரிசைக்கு அப்பால் உண்மையான காகங்கள், கரிக் கறுப்பாக, ஏழெட்டு நின்றன. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஒரு பிடி சோற்றை எள்ளோடு உருட்டி, முதல் கொடியின் அடியில் வைத்து, ‘கா, கா’ என்று கூப்பிட்டேன். காகங்கள் வந்தன. சோற்றுக்கு இரண்டு, மிச்சமெல்லாம் பழத்துக்கு.

தோட்டக்காரர் இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடி வந்தார். வலை கட்டியும் வெடி வைத்தும் வருடம் முழுக்க அவர் கலைக்கிற பறவைகளை நான் கூப்பிட்டு விருந்து வைத்திருக்கிறேன். அவர் முகம் பீற்றூட் நிறத்தில் இருந்தது. இவர் ‘சொறி, சொறி’ என்று நின்றார். மச்சாள்தான் முன்னால் வந்தாள். சனி என்ற கிரகம், காகம் அதன் வாகனம், கணவனின் நன்மைக்காக மனைவி பிடிக்கும் விரதம் என்று அழகான ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள். தோட்டக்காரர் தணிந்தார். கடைசியில் சிரித்துக்கொண்டே, பாவம் உன் அக்கா, அவள் கணவர் எங்கே என்று கேட்டார்.

மச்சாள் இவரைக் காட்டுவாள் என்று பார்த்தேன். அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு, “வாங்கோ அத்தான், ரோல்ஸ் ஆறப்போகுது” என்று தமிழில் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். ரோல்ஸ் காலையிலேயே ஆறியிருந்தது. காக விவகாரத்தில் என்னைக் காப்பாற்றியவளை அந்தக் காகமே கொத்தினால் என்ன என்று நினைத்தேன். விரத நாளில் நினைக்கக்கூடாத நினைப்புத்தான், ஆனாலும் நினைத்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெரிய கொட்டகைக்குள் வைன் சுவைக்கப் போனோம். எங்களுக்கு முன்னால் இன்னொரு கோச் வந்து போயிருந்ததால் கிளாஸ்கள் கழுவி முடியவில்லை. வழிகாட்டி சோடிக்கு ஒன்று என்று கொடுத்துக்கொண்டு வந்தார். இவர் கையில் ஒன்றை வைத்து, மச்சாளையும் காட்டி, உங்கள் இருவருக்கும் என்றார். நான் விரதம் என்று கேள்விப்பட்டிருந்ததால் எனக்கு மட்டும் அப்போது பிழிந்த திராட்சைச் சாறு தனிக் கிளாஸில் தந்தார். தனி ஆளுக்குத் தனிக் கிளாஸ். காலையில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு இதுதான் பலன்.

இந்த நாட்டில் சிவப்பு வைன் அருமை என்று சொல்லித் தோட்டக்காரர் பெருமையோடு ஊற்றினார். வாயில் வைத்துச் சுழற்றிவிட்டு வாளிக்குள் துப்பலாம் என்றார். பத்துப் பேர் துப்பிய வாளியிலிருந்து நான் இரண்டு அடி தள்ளி நின்றேன். இவர் கிளாஸை முதலில் மச்சாளிடம் நீட்டினார். அவள் உதட்டில் வைத்து, ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்துச் சிரித்தாள். கிளாஸ் விளிம்பில் அவளுடைய லிப்ஸ்டிக் இளம் சிவப்பாகப் பதிந்திருந்தது. பிறகு கிளாஸை இவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

அவளுடைய எச்சில் கிளாஸ் என் புருஷன் கையில் இருந்தது. எச்சிலை யார் யாரோடு பங்கு போடலாம் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை. தாய் பிள்ளையோடு, பெண்சாதி புருஷனோடு. குடி, குடித்துக் காட்டு, இத்தனை வருடமாக எனக்குத் தெரியவேண்டியது இன்றைக்குத் தெரிந்துவிடும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

இவர் கிளாஸைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, வாயைத் திறந்து, கிளாஸை ஒரு சாண் மேலே தூக்கி, மூக்குப்பேணியில் தண்ணீர் குடிப்பதுபோல அண்ணாந்து ஊற்றினார். வைன் கிளாஸுக்கு ஏது மூக்கு? பாதி வாய்க்குள் போனது, பாதி நாடியால் வழிந்து வெள்ளைச் சேட்டில் இறங்கியது. புரைக்கேறி இருமினார். கொட்டகை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தோட்டக்காரர் போத்தலோடு அப்படியே நின்றார்.

இவர் இருமிக்கொண்டே கிளாஸை மச்சாள் கையில் வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. என் கையிலிருந்த கிளாஸை வாங்கி, நான் வாய் வைத்த அதே இடத்தில் வாய் வைத்து, மிச்சச் சாறு முழுவதையும் மடக்கு மடக்கென்று குடித்தார். குடித்துவிட்டு வெறும் கிளாஸை என் கையில் தந்தார். வீட்டில் தினமும் என் தேத்தண்ணியை அப்படித்தான் பறித்துக் குடிப்பார். தினமும் ஏசுவேன். அன்றைக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எனக்குக் குளிர்ந்தது. வழிகாட்டி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். ‘என் கணவர்’ என்று அப்போதுதான் ஆங்கிலத்தில் சொன்னேன், கொட்டகைக்கே கேட்க.

மச்சாள் கைலேஞ்சியால் கிளாஸ் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லிப்ஸ்டிக் போன பிறகும் துடைத்தாள்.

திரும்பும்போது இவர் என் பக்கத்தில் வந்து இருந்தார். மச்சாள் எங்களுக்கு நேர் பின் இருக்கையில் தனியே இருந்தாள். வழிகாட்டி வேறு இடத்துக்குப் போய்விட்டார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மச்சாள் நித்திரையா முழிப்பா என்று கண்ணாடியில் பார்த்தேன். முழித்திருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் கேட்டேன். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கத் தேவையானதைவிடக் கொஞ்சம் உரத்துக் கேட்டேன்.

“இஞ்சருங்கோ, ஏன் அப்பிடி அண்ணாந்து குடிச்சனீங்கள்? எல்லாருக்கும் முன்னால வெக்கமாப் போச்சு.”

“பின்ன? பிறத்தியாற்ற எச்சிலைக் குடிக்கிறதே?” என்றார் இவர், சேட்டில் இருந்த கறையைச் சுரண்டிக்கொண்டு.

மாமன் மகளைப் ‘பிறத்தியார்’ என்றார். நான் கேட்ட விலைக்கு மேலாகவே கிடைத்துவிட்டது. பின் இருக்கையில் கைப்பை திறந்து மூடும் சத்தம் கேட்டது.

இறங்கியதும் ரோல்ஸ் கொண்டுபோன பெட்டியை மச்சாள் என்னிடம் நீட்டினாள். அங்கேயே கழுவித் துடைத்து வைத்திருந்தாள்.

“போட்டு வாறன், மச்சாள்” என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. எங்கள் வீட்டுக்குக் கூட்டத்தோடு வந்ததுமில்லை, தனியாக வந்ததுமில்லை. இரண்டு வருடத்தில் கனடாவுக்குக் கல்யாணமாகிப் போனாள்.

வீட்டுக்கு வந்து விளக்கு ஏற்றிவிட்டுக் குசினியில் பெட்டியைத் திறந்தேன். உள்ளே அவள் வெட்டிய அந்த ஒற்றைக் குலை இருந்தது. ஒருவர் தந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். ஒரு கரண்டி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். பின் இருக்கையில் அந்தச் சொல்லைக் கேட்ட பிறகும் அவள் அந்த வழக்கத்தை விடவில்லை.

குளியலறையில் இவர் சேட்டைத் தோய்க்கும் சத்தம் கேட்டது. “என்ன சாப்பிடுறீர்?” என்று அங்கிருந்தே கேட்டார்.

“ஒண்டுமில்லை” என்றேன்.

சின்னப் பழங்கள், தோல் தடிப்பு, கொட்டைதான் மிச்சம். நின்ற இடத்திலேயே ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தின்றேன். அவள் பெயரில் வந்த ஒரு பழமும் அவர் வாய்க்குப் போகக்கூடாது என்று கடைசிப் பழம் வரைக்கும் நானே தின்று முடித்தேன்.