பட்டறைக்குத் தண்ணீர் அடித்தவன்

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். வேப்பந்தட்டைப் பக்கம் எங்கள் காட்டில் தம்பி சின்ன வெங்காயம் நடுகிறான். "ஆளெல்லாம் சொல்லியாச்சுண்ணே, நீயும் வந்து சும்மா நில்லு" என்று போன் பண்ணினான். சும்மா நிற்கிற வேலையில் என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது. கிளம்பிவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நடவு தொடங்கும்போது முதல் கை விதை வெங்காயத்தை வீட்டுப் பெண் ஒருவர் கூடையிலிருந்து அள்ளிக் கொடுக்க வேண்டும். கைராசிக்காரராகப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். யாருக்குக் கைராசி, யாருக்கு இல்லை? அதை முடிவு பண்ணுகிற அதிகாரம் அத்தைக்கு. அப்பாவின் அக்கா. எண்பதைத் தாண்டிவிட்டார். குரல் மட்டும் இன்னும் மைக் செட்!

தம்பிக்கு அன்றைக்கு என்ன தோன்றியதோ, சித்தப்பாவின் மனைவியைக் கூப்பிட்டான். "சின்னம்மா, இந்தத் தடவ நீங்க எடுத்துக் குடுங்க."

சின்னம்மா முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "நானா?" என்று இரண்டு தடவை கேட்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடைப் பக்கம் குனிந்தார்.

"டேய், என்னடா வெளையாடுறியா? இவ கை பட்டுத்தான் அன்னிக்கி ஒரு வெங்காயப் பட்டறையே நாறிப்போச்சு. வேற ஆளா இல்ல?" — அத்தைதான்.

சின்னம்மா சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். சண்டை போடவில்லை. "ஆமா தம்பி... நல்ல காரியத்துல எதுக்கு வம்பு? வேற யாராச்சும் எடுக்கட்டும்" என்று ஒதுங்கி நின்றுகொண்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏனென்றால் அந்தப் பட்டறையை நாற வைத்தவன் நான்!

என் சின்ன வயது அட்டகாசங்கள் இந்தப் பத்தியை விடாமல் படிக்கிற உங்களுக்கு அத்துப்படி. கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டது, மோட்டார் ரூமுக்குள் வாத்தியாரை வைத்துப் பூட்டியது... எல்லாம் எழுதியாயிற்று. நீங்களும் சிரித்துவிட்டீர்கள். இதை மட்டும் நான் உள்ளபடி எழுதவில்லை.

வெங்காயப் பட்டறை தெரியும்தானே? விலை ஏறுகிற வரைக்கும் வெங்காயத்தைப் போட்டு வைக்கிற இடம். தரையில் படாமல் உயரமாக, சுற்றிலும் குச்சி கட்டி, மேலே கீற்று வேய்ந்திருப்பார்கள். காற்று உள்ளே புகுந்து வெளியே வர வேண்டும். ஈரம் ஆகவே ஆகாது. பட்டால் உள்ளேயே அழுகும். வெளியே தெரியாது.

அப்போது எனக்கு ஆறு வயது இருக்கும். பக்கத்துக் காட்டில் வைக்கோல் போர் தீப்பிடித்து, பெரம்பலூரிலிருந்து தீயணைப்பு வண்டி வந்தது. சிவப்பு வண்டி, மணி, பீய்ச்சி அடிக்கிற தண்ணீர்... அடடா! எனக்கு ராத்தூக்கம் போயிற்று. மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரம், மாடு கழுவுகிற ஓஸ் பைப்பை இழுத்துக்கொண்டு போனேன். எரிகிற கட்டடம் வேண்டுமே? பட்டறைதான் கட்டடம். குச்சி இடுக்கு வழியாக உள்ளே பீய்ச்சினேன். நாலைந்து நாள் இதுதான் விளையாட்டு. அடிக்கிற வெயிலில் வெளிப்பக்கம் உடனே காய்ந்துவிடும். யாருக்குத் தெரியப் போகிறது?

கொஞ்ச நாளில் நாற்றம் கிளம்பியது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பாதிக்கு மேல் கூழ். அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அந்த வருடம் முழுக்க வீடு நம்பியிருந்தது அந்த வெங்காயத்தைத்தான். நான் அவரைக்காய்ப் பந்தலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மழையே பெய்யவில்லை. பின்னே எப்படி அழுகும்? அத்தை கண்டுபிடித்துவிட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு சட்டம் இருந்தது — தூரமான பெண்கள், அதாவது மாதவிலக்கானவர்கள், பட்டறைப் பக்கம் போகக் கூடாது, போனால் வெங்காயம் அழுகும். வீட்டுக்கு அப்போதுதான் புதிதாக வந்தவர் சின்னம்மா. "இவதான் போயிருக்கணும்" என்றார் அத்தை. "சத்தியமா நான் அந்தப் பக்கமே போகல" என்று சின்னம்மா அழுதார். யார் கேட்டது? உடையார்பாளையத்திலிருந்து அவருடைய அம்மாவை வரவழைத்தார்கள். வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார்கள். அந்த அம்மா மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எங்கள் அப்பாவைக் கும்பிட்டு, "அறியாம பண்ணிருச்சு, மன்னிச்சுக்குங்க" என்றார்.

நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா, தப்பித்தோம்! அவ்வளவுதான். ஆறு வயது... சரி, விட்டுவிடலாம். ஆனால் எனக்குப் பத்து வயது ஆயிற்று, இருபது ஆயிற்று, மீசை வந்து நரைத்தும் போயிற்று. ஒவ்வொரு நடவுக்கும் சின்னம்மா ஒதுங்கித்தான் நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. அந்தத் தீயணைப்பு விளையாட்டை இதே பக்கத்தில் ஒரு தடவை எழுதியிருக்கிறேன் — வெங்காயப் பட்டறையை மட்டும் மாட்டுக் கொட்டகை என்று மாற்றி! "விழுந்து விழுந்து சிரித்தோம்" என்று எழுதியிருந்தீர்கள்.

போன வாரம், அந்தக் கூடைப் பக்கத்தில் நின்றபோது, அதற்கு மேல் முடியவில்லை.

"அத்தை, அது நான். நான்தான் ஓஸ் வச்சு பட்டறைக்குள்ள தண்ணி அடிச்சேன். சின்னம்மா ஒண்ணுமே பண்ணல."

சொல்லிவிட்டேன். அத்தை திட்டுவார், தம்பி முறைப்பான் என்று காத்திருந்தேன்.

அத்தை சிரித்தார்!

"அடப் படவா! நீயாடா அது? அன்னிக்கே தெரிஞ்சிருந்தா தோல உரிச்சிருப்பேனே!" சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. நடவுக்கு வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "அண்ணே, செம மேட்டர்ணே! இத எழுதுண்ணே" என்றான் தம்பி. ஒரு வீட்டின் ஒரு வருடத்துச் சோற்றை அழித்தவன் நான். ஒரு அதட்டல் கூட விழவில்லை.

நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

யோசித்துப் பாருங்கள். அதே பட்டறை, அதே வெங்காயம். அந்த வீட்டுப் பையன் அழுக வைத்தால் அதற்குப் பெயர் குறும்பு. வாழ வந்த பெண் தொடக்கூட இல்லை, அதற்குப் பெயர் ராசி கெட்ட கை. எனக்கு மன்னிப்புக் கிடைக்க ஒரு நிமிஷம் ஆகவில்லை. கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

"சரி சரி, அதான் சொல்லிட்டான்ல. நீயே எடுத்துக் குடுடி" என்றார் அத்தை. அவ்வளவுதான், கேஸ் முடிந்தது! சின்னம்மா இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தார். நடவு தொடங்கியது.

அப்புறம் தொட்டியடியில் அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போனேன். மன்னிச்சிருங்க சின்னம்மா என்று சொல்லத்தான் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"ஏம்பா, இத எங்கம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல? நான் எம்புட்டு சத்தியம் பண்ணியும் அது நம்பல. படுக்கையில கெடக்கும்போது கூட, 'நெசமாவே நீ போவலயாடி'ன்னு கேட்டுச்சு. போன வருசம் வரைக்கும் உசுரோடதான இருந்துச்சு..."

கோபமாகச் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நடவுக்குப் போய்விட்டார்.

எங்கள் ஊரிலிருந்து அரியலூர் போய் ஒரு பஸ் மாறினால் அந்த அம்மா இருந்த உடையார்பாளையம். அவ்வளவு பக்கம்தான்.